யாரும் அழைக்காத கோப்பு

மஞ்சூரில் ஆறு மணிக்கு மேல்
மேகம் படியேறி வந்து மானிட்டர் முன் உட்காரும்.
கீழே குந்தாவில் மின்சாரம் பிறக்கிறது,
இங்கே கரண்ட் இல்லை.
யுபிஎஸ் முனகத் தொடங்கினால்
நாற்பது நிமிடம் என் கணக்கில்.

இலை நிறுக்கும் பெட்டிக்கு ஒரு கெர்னல்.
சின்னதுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
எல்லாம் ஒரே ஃபோல்டரில்.
மெயின், மெயின் இரண்டு, புதுமெயின்,
கடைசிமெயின், நிஜமாகவே கடைசிமெயின்.
எனக்கு முன்னால் இருந்த டெல்வின்
போட்டது போட்டபடி பஹ்ரைன் போய்விட்டான்.

பிரிக்கத் தொடங்கினேன்.
பூட் முதலில், அது கண் திறந்தால்தான் மற்றவை.
நினைவகத்தைப் பங்கிடுபவை ஓரிடம்,
நேரத்தைப் பங்கிடுபவை ஓரிடம்.
டிரைவர்களைத் தனியே குடிவைத்தேன்,
தராசின் பாஷை பிரிண்டருக்குப் புரியாது.
இந்தச் சிப்புக்கு மட்டுமே பொருந்துவதை
ஆர்ச் என்ற அறையில் போட்டுச் சாத்தினேன்.

கடிகாரத்தின் ஹெடர் வரிசையை உள்ளே அழைக்கிறது,
வரிசையின் ஹெடர் கடிகாரத்தை.
‘நீங்க ஏறுங்க’ ‘இல்ல, நீங்க ஏறுங்க’ என்று
பஸ் கதவில் இரண்டு சம்பந்திகள்;
ஊட்டி வண்டி கிளம்பவே இல்லை.
இருவருக்கும் பொதுவானதைப் பிடுங்கி
மூன்றாவதாக ஒரு ஹெடரில் இறக்கினேன்.

மேக்ஃபைலில் ஓரிடம்,
டேப் இருக்கவேண்டியதில் எட்டு ஸ்பேஸ்.
கண்ணுக்கு இரண்டும் வெறுமை.
அதற்கு ஒரு முழு ராத்திரி போயிற்று.

மிச்சம் ஒரு கோப்பு.
எழுபத்தாறு வரி.
முழு மரத்தையும் உலுக்கித் தேடினேன்,
எந்த வரியும் அதன் பெயரைச் சொல்லவில்லை.
தலைப்பில் டெல்வினின் ஒற்றைக் கமெண்ட்:
‘இருக்கட்டும்.’
அழித்தேன்.

எரர் பூஜ்யம்.
வார்னிங் பூஜ்யம்.
ஒன்பது நாளில் முதல் தடவை.
யுபிஎஸ்ஸில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது,
இருட்டில் உட்கார்ந்து
காய்ந்த வர்க்கி ஒன்றைத் தின்றேன்.

காலை. இலைக் கொட்டகை.
வரிசையில் முதலாவதாகக் கெப்பியம்மாள்
மூட்டையைத் தட்டில் தொப்பென்று போட்டாள்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
இறக்கினாள்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
வெறும் தட்டும் அதையே சொன்னது.
‘எல்லாருக்கும் இதே எடையா?
நல்லதுதான், எனக்குப் பதினஞ்சுகூடத் தேறாது’
பின்னாலிருந்து ஒரு குரல்.
சூப்பர்வைசர் போஜராஜ் தராசைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

பிறகு புரிந்தது.
அந்தக் கோப்பைக் கூப்பிடுவது கோப்புகள் அல்ல.
தட்டில் பாரம் குறைகிற கணம்
ஒரு துடிப்பு,
சிப் ஒரு பட்டியலைத் திறந்து
இருபத்து மூன்றாம் கதவுக்கு நேரே போகும்,
பெயர் கேட்காமல்.
அந்தக் கதவின் வீட்டை நான் இடித்திருந்தேன்.
லிங்கர் ஏன் கத்தவில்லை?
அதே பெயரில் ஒரு பதிலாள் இருந்தான்,
‘வீக்’ என்று முத்திரை குத்திய ஒரு வரி.
அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்:
நின்ற இடத்திலேயே சுற்று.

பழையதை மீட்டேன்.
இன்டரப்ட் என்று ஒரு ஃபோல்டர் போட்டு
அதை மட்டும் அதில் வைத்தேன்.
பதிலாளை நீக்கினேன்,
இனி யார் அழித்தாலும் லிங்கர் ஊரைக் கூட்டட்டும்.
டெல்வினின் கமெண்ட்டுக்குக் கீழே ஒரு வரி:
‘இதைத் தராசு அழைக்கும்.’

அன்று முழுக்கக் கொக்கித் தராசும்
கார்பன் தாளும்தான்.
கெப்பியம்மாளின் மூட்டை பதினெட்டு புள்ளி ஒன்பது.
போட்ட வேகத்தில் தட்டு தாழ்ந்து
மேலே எழும்புமுன் உறைந்துபோன எண்
அந்தப் பத்தொன்பது புள்ளி நான்கு,
அப்படி ஒரு எடை இருந்ததே இல்லை என்று
அவளிடம் விளக்கினேன்.
பொறுமையாகக் கேட்டாள்.

இப்போதும் காலையில் என்னைக் கண்டால்
பெட்டியைக் காட்டிக் கேட்கிறாள்:
‘என் அரைக் கிலோவை
எங்கே வெச்சிருக்கே?’